அனிதா லாஸ்கர் உயிர் பிழைத்தது செல்லோவால் மட்டுமா?

கேள்வி இதுதான்: "செல்லோ வாசிக்கத் தெரிந்ததால் ஒரு யூதப் பெண் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர் பிழைத்தார் என்று படித்தேன். இது நிஜமா, கட்டுக்கதையா? போர் முடிந்ததும் அவர் ஏன் சொந்த ஊருக்குத் திரும்பாமல் இங்கிலாந்து போனார்?"

நீங்கள் படித்தது அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ் பற்றி. கட்டுக்கதை இல்லை, நடந்ததுதான். "செல்லோ என் உயிரைக் காப்பாற்றியது" என்ற பொருளில் அவரே பல முறை பேசியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் கைக்கு வரும். செல்லோ அவர் கைக்கு வருவதற்கு முன்பே, ஒரு கிரிமினல் வழக்கு அவரை ஒரு தடவை காப்பாற்றிவிட்டது. அதைச் சொல்ல ஆள் குறைவு, ஏனென்றால் இசை காப்பாற்றியது என்பது கேட்க அழகாக இருக்கிறது, போலி ஆவணம் தயாரித்த கேஸ் காப்பாற்றியது என்பது அவ்வளவு அழகாக இல்லை. நான் வழக்கிலிருந்தே வருகிறேன். அதற்கு முன்னால் வீட்டைப் பற்றிக் கொஞ்சம்.

அனிதா பிறந்தது 1925 ஜூலை 17, பிரெஸ்லாவ் நகரத்தில். அன்று அது ஜெர்மனி. 1933-இல் சுமார் 20 ஆயிரம் யூதர்கள் அங்கே இருந்தார்கள், ஜெர்மனியின் பெரிய யூதச் சமூகங்களில் ஒன்று. அப்பா அல்ஃபோன்ஸ் லாஸ்கர் வக்கீல். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டு இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். அம்மா எடித் வயலின் வாசிப்பார். மரியான், ரெனாட்டே, அனிதா என்று மூன்று பெண்கள், அனிதா கடைக்குட்டி. மதச் சடங்கு பெரிதாக இல்லாத, புத்தகமும் சங்கீதமும் நிறைந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் பிரெஞ்சு மட்டும்தான் பேச வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். எத்தனை மொழி தெரியுமோ அத்தனை மடங்கு மனிதன் என்பது அவர் நம்பிக்கை. பிள்ளைகளுக்கு அது தொல்லையாகத்தான் இருந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரெஞ்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தான் யூதர் என்பது அனிதாவுக்கு முதலில் உறைத்தது பள்ளியில். எட்டு வயதிருக்கும். கரும்பலகையைத் துடைக்கப் போனபோது, அந்த யூதப் பெண்ணிடம் ஸ்பாஞ்சைக் கொடுக்காதே என்று ஒரு பிள்ளை சொன்னது. அதற்கப்புறம் தெருவில் துப்பினார்கள், திட்டினார்கள். 1938 வாக்கில் பிரெஸ்லாவில் ஒரு யூதப் பெண்ணுக்குச் செல்லோ சொல்லித்தர வாத்தியார் கிடைக்கவில்லை. சொல்லித்தந்தால் அவருக்குத்தான் ஆபத்து. அதனால் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணை பெர்லினுக்கு அனுப்பினார்கள், லியோ ராஸ்டல் என்ற யூதச் செல்லோக் கலைஞரிடம் கற்றுக்கொள்ள. (செல்லோ தெரியாதவர்களுக்கு: வயலின் குடும்பத்தில் பெரிய உருப்படி. உட்கார்ந்து, கால்களுக்கு நடுவில் வைத்து வில்லால் வாசிப்பது. கனத்த, அடிக்குரல் நாதம்.) அந்தப் படிப்பு சில மாதம்தான். 1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளும் ஜெபக்கூடங்களும் அடித்து நொறுக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. அனிதா வீடு திரும்பினார்.

'அப்போதே வெளிநாடு போயிருக்கலாமே' என்று யாரும் கேட்பார்கள். முயற்சி செய்யாமல் இல்லை. அல்ஃபோன்ஸின் உடன்பிறந்தவர் எட்வர்ட் லாஸ்கர், பெயர் பெற்ற செஸ் வீரர், அமெரிக்காவில் இருந்தார். அப்படியும் நடக்கவில்லை. வெளியேற நினைக்கும் யூதரிடம் சொத்தில் பெரும்பகுதியை ஜெர்மனி வரியாகப் பிடுங்கிக்கொள்ளும். கையில் காசில்லாமல் வருகிறவரை எந்த நாடும் உள்ளே விடாது. 1938 ஜூலையில் எவியான் நகரத்தில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின. அனுதாபத்துக்குக் குறைவில்லை, கதவு மட்டும் திறக்கவில்லை. லாஸ்கர் குடும்பத்தில் மூத்தவள் மரியான் மட்டும் 1939-இல், போர் மூள்வதற்குச் சற்று முன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். மற்ற இருவரையும் அனுப்பும் ஏற்பாடு முடிவதற்குள் போர் வந்துவிட்டது.

1942 ஏப்ரலில் அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோனார்கள். கிழக்கே, லூப்ளின் பக்கம் இஸ்பிட்சா என்ற சிற்றூருக்கு. அது ஒரு இடைத்தங்கல் மாதிரி. அங்கே கொண்டுபோனவர்களைப் பிறகு பெல்ஜெட்ஸ், சோபிபோர் என்ற கொலைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். அனிதா தானும் கூட வருவதாகச் சொன்னபோது அப்பா மறுத்துவிட்டாராம். நாங்கள் போகிற இடத்துக்குச் சீக்கிரமே எல்லாரும் வந்து சேர வேண்டியிருக்கும், அவசரம் வேண்டாம் என்கிற மாதிரி. அப்போது அனிதாவுக்குப் பதினாறு, ரெனாட்டேவுக்குப் பதினெட்டு. இரண்டு பேரையும் அநாதை இல்லத்தில் போட்டார்கள். காலையில் காகித ஆலைக்கு வேலைக்குப் போக வேண்டும். கழிப்பறைக் காகிதம் செய்யும் ஆலை.

வழக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதே ஆலையில் பிரெஞ்சுப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். யூதப் பெண்கள் அவர்களோடு பேசக் கூடாது. ஆனால் கழிப்பறைச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பேச்சு நடந்தது, பிரெஞ்சில். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் இப்படிப் பயன்படும் என்று யார் கண்டார்கள்! பேச்சு வளர்ந்து, கைதிகள் ஊருக்குத் தப்பிப் போக உதவும் போலி ஆவணங்களைச் சகோதரிகள் தயாரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். பதினாறு பதினேழு வயதில் பிடிபட்டால் என்ன ஆகும் என்பது தெரியாமல் இல்லை. யூதனாகப் பிறந்ததற்காக என்னைக் கொல்வதை விட, நான் ஏதாவது செய்து அதற்காகக் கொல்லட்டும் என்பதுதான் தன் மனநிலையாக இருந்தது என்று பின்னாளில் அனிதா விளக்கியிருக்கிறார்.

ஒரு நாள் சுவர் ஓட்டை அடைக்கப்பட்டிருந்தது. யாரோ கவனிக்கிறார்கள் என்று புரிந்தது. 1942 செப்டம்பரில், பிரெஞ்சுப் பெண்கள் மாதிரி தங்களுக்கே போலிப் பயண ஆவணம் செய்துகொண்டு பிரான்ஸ் பக்கம் ரயிலேறப் போனார்கள். பிரெஸ்லாவ் ரயில் நிலையத்தில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ காத்திருந்தது. பிடிபட்டால் சித்திரவதையில் வாய் திறந்துவிடக் கூடாதே என்று சயனைடு கேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். அழைத்துப் போகும் வழியில் இரண்டு பேரும் வாயில் போட்டுக்கொண்டார்கள். இனித்தது. கொடுத்த நண்பர் மனசு கேட்காமல் கடைசி நேரத்தில் விஷத்தை எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பொடியை வைத்திருந்தார்.

சிறை, பிறகு வழக்கு. போலி ஆவணம், எதிரிக்கு உதவி, தப்பியோட முயற்சி என்று குற்றச்சாட்டுகள். 1943 ஜூனில் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அனிதாவுக்கு ஒன்றரை ஆண்டு, ரெனாட்டேவுக்கு மூன்றரை ஆண்டு கடுங்காவல். அவர்கள் உண்மையில் பயந்தது தண்டனையைக் கண்டு இல்லை, விடுதலையைக் கண்டுதான். 'குற்றமில்லை, போகலாம்' என்று கோர்ட் சொல்லியிருந்தால் வாசலிலேயே கெஸ்டபோ பிடித்து அடுத்த ரயிலில் ஏற்றியிருக்கும். தெருவில் நடமாடும் யூதருக்குச் சட்டம் என்று ஒன்று இல்லை. ஆனால் கைதிக்கு ஒரு கோப்பு உண்டு, ஒரு எண் உண்டு, தண்டனை முடியும் தேதி உண்டு, மோசமானதென்றாலும் தினமும் ஒரு சாப்பாடு உண்டு. சிறையில் அனிதாவுக்குக் கொடுத்த வேலை பொம்மைச் சிப்பாய்களுக்கு வர்ணம் அடிப்பது.

இந்த வழக்கு இன்னும் ஒரு மாதம் இழுத்திருந்தால் கோர்ட்டே கிடைத்திருக்காது. 1943 ஜூலை 1-ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. இனி யூதர்கள் செய்யும் குற்றத்துக்கு நீதிமன்றம் இல்லை, போலீசே தண்டிக்கும் என்று. வக்கீலின் மகளான அனிதா, ஜெர்மானிய நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற கடைசிச் சில யூதர்களில் ஒருவராக இருந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

சரி, சிறையிலேயே போர் முடியும் வரை இருந்திருக்கலாமே என்றால், அதற்கும் விடவில்லை. சிறைகளில் இருக்கும் யூதர்களையும் வதைமுகாமுக்கு அனுப்ப உத்தரவு இருந்தது. 1943 டிசம்பரில் அனிதாவை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். ரெனாட்டே தனியாக, பிறகு.

இங்கேதான் அந்த வழக்கு வேலை செய்தது. ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம் பேர். அதில் பதிவேட்டில் ஏறிக் கைதி எண் பெற்றவர்கள் ஏறத்தாழ 4 லட்சம்தான். சரக்குப் பெட்டிகளில் கும்பலாக வந்த யூதக் குடும்பங்களை ரயிலடியிலேயே நிறுத்தி, முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.-இன் மருத்துவர் ஒரு பார்வை பார்த்து விரல் காட்டுவார். ஒரு பக்கம் வேலைக்கு, மறுபக்கம் நேராக விஷவாயு அறைக்கு. பெரும்பாலானோர் இரண்டாவது பக்கம். சிறைக்கைதிகளோ சிறு சிறு குழுவாக, கையோடு கோப்புடன் வந்தார்கள். பதிவேட்டில் இருக்கும் ஆள் என்பதால் அந்தத் தேர்வுக்கு அவர்களை நிறுத்தவில்லை. அனிதா சாதாரண யூதப் பெண்ணாக வந்திருந்தால், பதினெட்டு வயது என்பதால் ஒருவேளை வேலைப் பக்கம் தள்ளியிருக்கலாம், தள்ளாமலும் இருந்திருக்கலாம். குற்றவாளியாக வந்ததால் அந்த விரலுக்கு முன்னால் நிற்கவே நேரவில்லை.

இனி செல்லோ. உடுப்பைக் கழற்றி, தலையை மழித்து, கையில் 69388 என்று பச்சை குத்தினார்கள். இந்த வேலையைச் செய்தவர்களும் கைதிகள்தான். எண் குத்திய பெண் வெளியுலகச் செய்தி கேட்டுப் பேச்சுக் கொடுத்தாள். போருக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்றாள். செல்லோ வாசித்தேன் என்று அனிதா சொன்னார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியாது, அந்த இடத்தில் சொல்லக்கூடிய பேச்சா அது! அந்தப் பெண்ணின் முகம் மாறியது. 'அப்படியானால் பிழைத்தாய், இங்கேயே நில்' என்றாள். மேலே ஒரு துணி இல்லை, தலையில் முடி இல்லை, கையில் ஒரு பல் துலக்கும் பிரஷ் மட்டும். அப்படி நின்றுகொண்டிருந்தவர் முன்னால் ஒட்டக ரோமக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி வந்து நின்று, யாரிடம் படித்தாய், என்னென்ன வாசிப்பாய் என்று சங்கீதக் கல்லூரி நேர்முகத் தேர்வு மாதிரி விசாரித்தார். அவர் ஆல்மா ரோஸே.

ஆல்மாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரின் சகோதரி மகள். அப்பா அர்னால்ட் ரோஸே, வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் முதல் வயலின். ஆல்மாவும் பெரிய வயலின் கலைஞர். நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டார். கச்சேரிக்காக ஹாலந்து வந்தார், அங்கே மாட்டிக்கொண்டார். பத்திரமான கரையில் ஏறியவர், பிழைப்புக்காக மறுபடி தண்ணீரில் இறங்கிய கதை. 1943-இல், ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்க்கெனாவில் பெண்கள் முகாமின் வாத்தியக் குழுவுக்குத் தலைவியானார்.

குழுவில் இருந்தவை மாண்டலின், கிட்டார், அக்கார்டியன், புல்லாங்குழல், சில வயலின்கள். அடிக்குரல் வாத்தியம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் செல்லோ என்றதும் அத்தனை பரபரப்பு. சில நாள் கழித்துச் சோதனைக்கு அழைத்தார்கள். இரண்டு வருஷமாக வில்லைத் தொடாத கை. கொஞ்ச நேரம் பழகிக்கொண்டு, பொக்கெரினியின் செல்லோ கன்செர்ட்டோவிலிருந்து மெதுவான பகுதியை வாசித்தார். தோற்றுப்போகிற சோதனையாக அது இருக்கவில்லை, வேறு செல்லோக்காரர்தான் இல்லையே.

இந்தக் குழு என்ன வாசித்தது என்பதில் பல தப்பான கதைகள் உலவுகின்றன. முக்கிய வேலை அணிவகுப்பு இசை. காலையில் ஆயிரக்கணக்கான கைதிகள் ஐந்தைந்து பேராக வேலைக்கு வெளியே போகும்போதும், சாயங்காலம் சாகக் கிடப்பவர்களைச் சுமந்துகொண்டு திரும்பும்போதும் வாசலில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வரிசை கலையாமல், எண்ணச் சுலபமாக இருக்க. ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. நடுவில் எந்த எஸ்.எஸ். ஆளுக்காவது சங்கீதம் கேட்கத் தோன்றினால் வந்து உட்காருவான். ஒரு நாள் வந்தவர், கைதிகள் மேல் கொடூரப் பரிசோதனைகள் செய்த மருத்துவர் மெங்கெலே. ஷூமனின் 'ட்ராய்மெராய்' வேண்டும் என்றார். அனிதா முடிந்தவரை வேகமாக வாசித்து முடித்தார். 1944 மேயிலிருந்து ரயில் பாதை முகாமுக்குள்ளேயே நீண்டது. ஹங்கேரியிலிருந்து சில வாரங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வந்து இறங்கினார்கள், பெரும்பாலோர் அன்றே புகையானார்கள். வாத்தியக் குழுப் பெண்களின் இருப்பிடத்திலிருந்து அது கண்ணுக்குத் தெரிந்தது.

வாத்தியக்காரிகளுக்குச் சாப்பாடு அப்படி ஒன்றும் கூடுதல் இல்லை. ஆனால் பனியில் கல் சுமக்க வேண்டாம், உள்ளே உட்கார்ந்து பயிற்சி. இன்னொரு சலுகை, பெயர். எண்ணாக இருந்தவர் 'அந்தச் செல்லோக்காரி' ஆனார். டைபஸ் காய்ச்சலில் நோயாளிக் கொட்டகையில் கிடந்தபோது அந்தப் பட்டம்தான் அவரைக் காப்பாற்றியது. அங்கிருந்து வாயு அறைக்கு ஆள் பொறுக்க வந்தவர்கள், இவள் செல்லோக்காரி என்று விட்டுவிட்டுப் போனார்கள். குணமாகித் திரும்பியவரின் வாசிப்பு மோசமாக இருந்தது என்று ஆல்மா ஒரு வாரம் தரையைத் தேய்த்துக் கழுவச் சொன்னார், முட்டிபோட்டு. கேட்டால் கொடுமையாக இருக்கிறது. அனிதா அப்போது வெறுத்தார், பிறகு மரியாதையாகவே பேசினார். ஒரு சுரம் பிசகியதற்காகப் பதறிக்கொண்டிருந்தால், ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கியைப் பார்க்க நேரமிருக்காது என்பது அவர் கணக்கு. ஆல்மா 1944 ஏப்ரலில் திடீரென்று நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். அவர் கையில் இருந்த பெண்களில் கிட்டத்தட்ட எல்லாரும் முகாமை விட்டு உயிரோடு வெளியே வந்தார்கள்.

ரெனாட்டே எப்படிச் சேர்ந்தார் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அனிதா கைதானபோது போட்டிருந்தது சிவப்பு நாடா கட்டிய கறுப்புக் காலணி. வந்த அன்று பதிவு செய்த கைதிப் பெண் அதைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். பின்னால் அதே இடத்துக்கு வந்த ரெனாட்டே, அவள் காலைப் பார்த்ததும் கண்டுகொண்டார். இந்தக் காலணி உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். வாத்தியக் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணுடையது என்றாள் அவள். அப்படித்தான் தங்கை உயிரோடு இருப்பது அக்காவுக்குத் தெரிந்தது. ரெனாட்டே எலும்பும் தோலுமாக, புண்ணோடு இருந்தார். அனிதா துணிச்சலாகப் பெண்கள் முகாமின் எஸ்.எஸ். தலைவி மரியா மாண்டலிடமே போய், அக்காவுக்கு முகாமுக்குள் செய்தி கொண்டுபோகும் வேலை கேட்டு வாங்கினார். இரண்டு பேராக இருந்ததுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய பலம் என்று இருவருமே சொல்வார்கள்.

1944 இலையுதிர் காலத்தின் முடிவில் ரஷ்யப் படை நெருங்கவே, குழுவிலிருந்த யூதப் பெண்களை ரயிலேற்றி ஜெர்மனிக்குள்ளே பெர்கன்-பெல்சனுக்கு அனுப்பினார்கள். அங்கே வாத்தியக் குழு கிடையாது. செல்லோவின் பங்கு அதோடு முடிந்தது. பெல்சனில் விஷவாயு அறையும் இல்லை. தேவைப்படவில்லை. பசியும் டைபஸும் அந்த வேலையைச் செய்தன. கிழக்கே மூடப்பட்ட முகாம்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தார்கள். 1945 மார்ச்சில் மட்டும் 18 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஆன் ஃபிராங்கும் அவர் அக்கா மார்கோட்டும் இதே போல ஆஷ்விட்ஸிலிருந்து இதே பருவத்தில் இங்கே வந்து, அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் இறந்துபோனவர்கள். அனிதாவைக் காப்பாற்றியது ஒன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்த பழைய வாத்தியக் குழுத் தோழிகளும், ஒரு தேதியும்தான். ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் ராணுவம் உள்ளே வந்தது. இன்னொரு வாரம் தாமதித்திருந்தால் தாங்கியிருக்க மாட்டோம் என்பது அவர் கணிப்பு. படையினர் கண்டது சுமார் 60 ஆயிரம் கைதிகளும், புதைக்கப்படாமல் கிடந்த 13 ஆயிரம் பிணங்களும். விடுதலைக்குப் பிறகும் ஏறக்குறைய 13 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

மறுநாள் பிபிசி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தபோது அனிதா ஜெர்மன் மொழியில் பேசினார். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பத்தொன்பது வயதுக் குரல், அழுகை இல்லை, வேகமாக, அறிக்கை வாசிப்பது போல. உலகம் இதை நம்பாது என்று பிழைத்தவர்கள் எல்லாரும் பயப்படுகிறார்கள் என்றுதான் ஆரம்பிக்கிறார். ரயிலடியில் வலப்பக்கம் உயிர், இடப்பக்கம் புகைபோக்கி என்கிறார். மிகக் கொடூரமானவற்றுக்கெல்லாம் சங்கீதம் வாசிக்கப்பட்டது என்கிறார்.

ஆங்கிலம் தெரிந்ததால் இரண்டு சகோதரிகளும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனார்கள். மறுபடியும் மொழி! அந்த ஜூலையில் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் பெல்சனுக்கு வந்து வாசித்தார். மெனுஹினை விட, அவருக்குப் பியானோ வாசித்தவரே அனிதாவை அதிகம் கவர்ந்தார். பெயர் தெரியாது, ஆனால் அவரைப் புகழ்ந்து உறவினருக்குக் கடிதம் எழுதினார். அது ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். பல ஆண்டு கழித்து அவரது இசையமைப்பில், அவர் நடத்த, அனிதா இசைக்குழுவில் உட்கார்ந்து வாசிப்பார்.

செப்டம்பரில் லூனெபர்க் நகரத்தில் பெல்சன் வழக்கு தொடங்கியது. 45 பேர் மீது குற்றச்சாட்டு. அனிதா சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் அது என்ன கிழமை, எத்தனை மணி என்று கேட்டார்கள். முகாமில் ஏது நாட்காட்டி, ஏது கடிகாரம்! இவ்வளவு பெரிய கொலையைச் சாதாரண நீதிமன்ற முறையில் அளப்பது அவருக்குக் கேலிக்கூத்தாகப் பட்டது. முகாம் தளபதி யோசெஃப் கிராமர் உட்பட 11 பேருக்குத் தூக்கு, டிசம்பரில் நிறைவேறியது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஏன் சொந்த ஊருக்குப் போகவில்லை? முதல் காரணம், அப்படி ஒரு ஊரே இல்லாமல் போனது. பிரெஸ்லாவ் 1945-இல் போலந்துக்குக் கொடுக்கப்பட்டு வ்ரோட்ஸ்வாஃப் ஆனது. ஜெர்மன் பேசுவோர் எல்லாரையும் அங்கிருந்து வெளியேற்றினார்கள். அப்பா அம்மா இல்லை, வீடு இல்லை, ஊர் வேறு நாட்டில். இரண்டாவது, மரியான் இங்கிலாந்தில் இருந்தார்.

அக்கா இருந்தால் உடனே போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். முகாமைத் திறந்துவிட்ட பிரிட்டன், நாட்டுக் கதவைத் திறக்கத் தயங்கியது. பிழைத்த குழந்தைகள் 1,000 பேரை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது, அதுவும் 16 வயதுக்குள் இருக்க வேண்டும். அத்தனை சிறுவர்கள் உயிரோடு கிடைக்காமல் 732 பேர்தான் வந்தார்கள். அனிதாவுக்கு அப்போது இருபது. குழந்தையும் இல்லை, வேலைக்கு அழைக்கப்பட்டவரும் இல்லை. பிரிட்டனில் உள்ளவர்களின் நெருங்கிய உறவினர்களில் கதியற்றவர்களை அனுமதிக்கும் திட்டத்தை 1945 நவம்பரில்தான் உள்துறை அமைச்சர் அறிவித்தார். சகோதரிகள் பெல்சனிலிருந்து கிளம்பி பிரஸ்ஸல்ஸில் காத்திருந்து, 1946 மார்ச்சில் இங்கிலாந்து சேர்ந்தார்கள். விடுதலையாகிப் பதினோரு மாதம். பிரிட்டிஷ் ராணுவத்துக்கே வேலை பார்த்தவர்களுக்கு இந்த நிலை என்றால், சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர்கள் அகதி முகாம்களில் வருஷக்கணக்கில் கிடந்ததில் ஆச்சரியமில்லை.

லண்டனில் வில்லியம் பிளீத்திடம் செல்லோ கற்றார். பதின்மூன்று வயதில் நின்றுபோன படிப்பை இருபதுக்கு மேல் தொடர்வது லேசில்லை. இங்கிலீஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்று பின்னால் புகழ் பெற்ற குழுவை உருவாக்கியவர்களில் ஒருவராகி, பல பத்தாண்டு அதில் வாசித்தார். 1952-இல் பியானோ கலைஞர் பீட்டர் வால்ஃபிஷை மணந்தார். அவரும் பிரெஸ்லாவ்காரர்தான். மகன் ரஃபேல் இன்று உலகறிந்த செல்லோக் கலைஞர்.

முகாமைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. வந்த புதிதில் உலகத்துக்கே சொல்லிவிட வேண்டும் என்று துடித்தவர் அவர். இங்கிலாந்தில் யாரும் கேட்கவில்லை. மரியாதைக்காகவோ, பயத்தாலோ, தாங்கள் பட்ட குண்டுவீச்சே போதும் என்றோ. கேட்காத இடத்தில் சொல்லாமல் பழகிப்போனது. கடைசியில் பிள்ளைகளுக்காக எழுதி வைத்ததுதான் 1996-இல் புத்தகமாக வந்தது.

ஜெர்மன் மண்ணில் இனி கால் வைப்பதில்லை என்று சபதம் செய்திருந்தார். அந்தத் தலைமுறை ஜெர்மானியர் எவரைப் பார்த்தாலும், என் அப்பா அம்மாவைக் கொன்றது இவனாக இருக்குமோ என்று தோன்றும் என்பார். 1990-களில் இசைக்குழுவின் பயணம் பெல்சன் இருந்த வட்டாரத்துக்கே வந்தபோது, பார்க்க வேண்டும் என்ற எண்ணம் சபதத்தை வென்றது. அதற்கப்புறம் வருஷாவருஷம் ஜெர்மன் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசினார். 2018 ஜனவரி 31 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். சபையில் ரெனாட்டேவும் இருந்தார்.

ரெனாட்டேவின் பாதை வேறு. பிபிசியின் ஜெர்மன் பிரிவில் வேலை செய்து, பிறகு ஜெர்மனிக்கே திரும்பி வானொலி, தொலைக்காட்சி நிருபரானார். கணவர் கிளாஸ் ஹார்ப்ரெக்ட் ஜெர்மானியர், பிரதமர் வில்லி பிராண்டுக்கு உரை எழுதியவர். ஒரே காகித ஆலை, ஒரே முகாம், ஒரே காலணியில் கண்டுபிடித்துக்கொண்ட இரண்டு பேர், ஜெர்மனியைப் பற்றி வேறு வேறு முடிவெடுத்தார்கள். அதனால் 'பிழைத்தவர்கள் இப்படித்தான் நினைத்தார்கள்' என்று யாராவது மொத்தமாகச் சொன்னால் நான் அவ்வளவாக நம்புவதில்லை. ரெனாட்டே 2021-இல் பிரான்சில் 96 வயதில் காலமானார். அனிதா 2025 ஜூலையில் நூறு வயதைத் தொட்டார்.

நாஜிகள் குடியுரிமையைப் பறித்தவர்களின் வாரிசுகள் அதைத் திரும்பக் கேட்கலாம் என்று ஜெர்மன் அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக முடிவெடுத்த பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு பிரிட்டனில் ஆயிரக்கணக்கான யூதக் குடும்பங்கள் அதன்படி விண்ணப்பித்தன. 2018 அக்டோபரில் ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கியவர்களில் ஒருவர் சைமன் வால்ஃபிஷ். பாடகர், செல்லோவும் வாசிப்பார். அனிதாவின் பேரன்.